நிற்கும் காரில்தான் ஆபத்து: செல்லப் பிராணியோடு தீபாவளிக்கு ஊர் போகிறவர்களுக்கு

தீபாவளி நெருங்க நெருங்க நம் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். முறுக்கு சுட்டாயிற்று. பிள்ளைகளுக்குத் துணிமணி வாங்கியாயிற்று. டோலுக்கு டச் அண்ட் கோ அட்டையில் பணம் போட்டாயிற்று. புறப்படுவதற்கு முதல் நாள் இரவு பெட்டிகளை அடுக்கும்போதுதான் யாராவது ஒருவர் கேட்பார்: "அப்போ பிளாக்கியை என்ன பண்றது?"

அந்த நேரத்தில் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடையாது. மூன்று வாரத்திற்கு முன்பு கேட்டிருந்தால் நான்கைந்து பதில்கள் இருந்திருக்கும்.

கிள்ளானில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். பாட்டி வீடு சுங்கை பட்டாணியில். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். சாதாரண நாளில் நான்கு, நான்கரை மணி நேரம் போதும். பெருநாள் நெரிசலில் எட்டு மணி நேரமும் ஆகலாம். இந்த எட்டு மணி நேரத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் பிளாக்கியைப் பற்றி முடிவெடுக்க வேண்டும்.

முதலில், அழைத்துப் போகத்தான் வேண்டுமா? எல்லாப் பிராணிகளுக்கும் பயணம் ஒத்துவராது. தடுப்பூசி முடியாத குட்டி, வயதாகி இதயக் கோளாறு உள்ள நாய், சினையாக இருக்கும் நாய் ஆகியவை வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இருப்பதே நல்லது. பக், புல்டாக், சிட்சூ போன்ற தட்டை மூக்கு நாய்களும் பெர்சியன் பூனைகளும் இன்னொரு வகை. அவற்றின் மூச்சுக்குழல் அமைப்பே குறுகலானது. சூடு ஏறினால் மற்றப் பிராணிகளுக்கு முன்பே அவை திணறிவிடும். பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கிய விலை உயர்ந்த நாய்தான் பயணத்தைத் தாங்காத நாயாகவும் இருக்கும் என்பது பலர் யோசிக்காத விஷயம். நம் கம்போங் நாய் இந்த வகையில் எவ்வளவோ மேல்.

விட்டுப் போவது என்று முடிவானால், பிராணிகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. சில கிளினிக்குகளிலும் இந்த வசதி உண்டு. ஆனால் பெருநாள் காலத்தில் அவை வெகு சீக்கிரம் நிரம்பிவிடும். நாள்தோறும் வந்து சோறும் தண்ணீரும் வைக்கச் சம்மதிக்கும் அண்டை வீட்டார் கிடைத்தால் அதைவிடப் பாக்கியம் இல்லை. வாசலில் சங்கிலியால் கட்டி, ஒரு பேசின் சோற்றையும் ஒரு வாளித் தண்ணீரையும் வைத்துவிட்டு மூன்று நாள் ஊர் போவது மட்டும் கூடாது. சோறு ஒரே நாளில் புளித்துவிடும், வாளி கவிழ்ந்துவிடும். 2017-ல் அமலுக்கு வந்த விலங்கு நலச் சட்டத்தின்படி, பிராணியை வதைத்த குற்றத்திற்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, 3 ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். "நாய்தானே" என்று சொல்லிவிட்டுப் போகக்கூடிய காலம் இல்லை இது.

மூன்று வாரத்திற்கு முன்பு

அழைத்துப் போவது என்றால் முதல் வேலை கால்நடை மருத்துவரைப் பார்ப்பது. ஏன் மூன்று வாரம்? தடுப்பூசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. உடல் எதிர்ப்புச் சக்தியை உருவாக்க ஏறத்தாழ இரண்டு வாரம் எடுக்கும். ஊருக்குப் போகும் முதல் நாள் ஊசி போட்டால் ஊசி போட்டோம் என்ற திருப்தி நமக்குத்தான், நாய்க்குப் பயன் இல்லை.

வடக்கே போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2015-ல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோயான ரேபிஸ் பரவியது. 2017-ல் சரவாக்கில் அது பரவி மனித உயிர்களையும் குடித்தது. ஆகவே அந்தத் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. நாய்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோக ஏதேனும் கட்டுப்பாடு அப்போது நடப்பில் இருக்கிறதா என்பதை கால்நடைச் சேவைத் துறையின் அலுவலகத்தில் ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துகொள்ளலாம். தடுப்பூசி அட்டையும் ஊராட்சி மன்ற லைசென்ஸும் காரின் டேஷ்போர்டில் இருக்கட்டும்.

உறவினர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், அப்படியே ஜொகூர் பாலத்தைத் தாண்டி ஒரு நடை போய்வரலாம் என்று நினைப்பவர்கள் அந்த நினைப்பை நாயோடு வைத்துக்கொள்ள வேண்டாம். 1953 முதல் ரேபிஸ் இல்லாமல் இருக்கும் நாடு சிங்கப்பூர். இறக்குமதி அனுமதி, ரேபிஸ் தடுப்பூசி, அது வேலை செய்கிறதா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் தனிமைக் காப்பு என்று மாதக் கணக்கில் தயாராக வேண்டிய காரியம் அது. சிங்கப்பூரிலிருந்து நாயை இங்கே அழைத்து வருகிறவர்களும் திரும்பிப் போகும்போது இதே வாசலில்தான் நிற்க வேண்டும்.

அடுத்தது பழக்கம். பல நாய்கள் காரில் ஏறியதே கிளினிக்குக்குப் போவதற்காகத்தான். அவற்றுக்குக் கார் என்றாலே ஊசி. இந்தப் பயத்தை ஒரே நாளில் போக்க முடியாது. முதலில் கார் ஓடாமல் நிற்கும்போதே ஏற்றி உட்காரவைத்து, ஒரு பிஸ்கட் கொடுத்து இறக்க வேண்டும். சில நாள் கழித்து தாமானைச் சுற்றி ஐந்து நிமிடம். பிறகு அரை மணி நேரம் ஓட்டி ஏதாவது ஒரு திடலில் இறக்கி விளையாடவிட வேண்டும். இரண்டு வாரத்தில் கார் என்றால் திடல் என்று அது மாற்றிக்கொள்ளும்.

அப்படியும் சில நாய்கள் எச்சில் வடித்து வாந்தி எடுக்கும். குட்டிகளுக்கு இது அதிகம், ஏனென்றால் உடலின் சமநிலையைக் காக்கும் உட்காது அவற்றுக்கு இன்னும் முதிரவில்லை. வளர வளரப் பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்கென்றே நாய்களுக்குத் தனி மருந்து இருக்கிறது, மருத்துவர் எடை பார்த்துத் தருவார். நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருப்பதைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால், ஒரே மாத்திரையில் ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடியது.

எங்கே உட்காரவைப்பது?

நம் நாட்டில் பின் இருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் அணிய வேண்டும் என்ற சட்டம் 2009 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. அதே பின் இருக்கையில் 20 கிலோ நாய் மட்டும் சும்மா நின்றுகொண்டு வரும். திடீரென்று பிரேக் பிடித்தால் அது முன்னால் பறந்து வரும். அப்போது அதன் எடையைப்போல் பல மடங்கு விசையோடு ஓட்டுநரின் முதுகில் மோதும். நாய்க்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. நெஞ்சைச் சுற்றி மாட்டும் வாரை சீட் பெல்ட்டோடு இணைக்கலாம். கழுத்துப் பட்டையோடு மட்டும் இணைக்கக் கூடாது, குலுங்கும்போது கழுத்து நெரியும். எழுந்து திரும்பிப் படுக்கும் அளவுக்கு இடமுள்ள கூண்டு இருந்தால் இன்னும் நல்லது. கூண்டையும் நகராதபடி கட்ட வேண்டும்.

முன் இருக்கை வேண்டாம், ஏர்பேக் வெடித்தால் சிறு பிராணி தாங்காது. மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு காற்று வாங்கும் நாயைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிறு கல்லோ பூச்சியோ கண்ணில் பட்டால் போதும். ஹைலக்ஸ் போன்ற வாகனங்களின் பின்புறத் தட்டில் ஏற்றிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வெயிலில் அந்தத் தகடு தோசைக்கல்.

பூனைகளுக்கு வேறு கணக்கு. பூனைக்குத் தன் இடம்தான் உலகம். பயணத்துக்கு இரண்டு வாரத்திற்கு முன்பே பூனைக்கூடையை ஹாலில் திறந்து வைத்து, உள்ளே அதன் பழைய துணியைப் போட்டு, அங்கேயே சாப்பாடும் வைத்தால் தானாகப் போய்ப் படுக்க ஆரம்பிக்கும். பயணத்தில் கூடையின் மேல் காற்றுப் போகிற மெல்லிய துணியைப் போட்டு மறைத்தால் அமைதியாக வரும். வழியில் எந்தக் காரணத்துக்காகவும் கார் கதவோ ஜன்னலோ திறந்திருக்கும்போது கூடையைத் திறக்கக் கூடாது. நாய் தொலைந்தால் கூப்பிட்டால் வரும். ஓய்வுத்தலத்தில் பயந்து ஓடிய பூனை எந்தக் காட்டுக்குள் போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

புறப்படும் நாள்

விடியற்காலை நான்கு மணிக்கோ ஐந்து மணிக்கோ கிளம்புவது எல்லா வகையிலும் நல்லது. வெயில் இல்லை, நெரிசலும் குறைவு. சாப்பாட்டை மூன்று நான்கு மணி நேரத்திற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பதால் அன்று காலை உணவு கிடையாது, முதல் நாள் இரவு உணவோடு சரி. தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது. ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் ஒரு கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் தேவை. 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்கு மேல். பயணத்தில் வெப்பமும் பதற்றமும் சேரும், ஆகவே இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்வதே சரி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். நம் கிள்ளான் குடும்பத்துக்கு முதல் நிறுத்தம் தாப்பா, அடுத்தது சுங்கை பேராக் என்று வைத்துக்கொள்ளலாம். ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைப் பக்கம் மலைச் சாலை வளைந்து வளைந்து போகும். வாந்தி எடுக்கும் நாய் அங்கேதான் எடுக்கும். பழைய துண்டு இரண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இந்த நிறுத்தங்களில்தான் இந்தக் கட்டுரையின் தலையாய விஷயம் இருக்கிறது.

குடும்பம் காரை நிறுத்துகிறது. பிள்ளைகளுக்குப் பசி. சாப்பாட்டுக் கடைப் பகுதிக்குள் நாயை அழைத்துப் போக முடியாது. "பத்து நிமிஷம்தானே, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விட்டுட்டுப் போவோம்." இப்படிச் சொல்பவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். பிராணியின் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள்தான். அவர்களுக்கு ஒரு கணக்கு தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு இது. 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. அந்த உயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிட்டது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துப் பார்த்தார்கள், பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. நம் ஊர் நண்பகலில் வெளியே 33 டிகிரி என்றால், பத்து நிமிடத்தில் காருக்குள் 43 டிகிரியைத் தொடும். அரை மணி நேரத்தில் 50 டிகிரி. நாசி லெமாக் வாங்க வரிசையில் நின்று, கழிப்பறைக்குப் போய், பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அவரவரே சொல்லிக்கொள்ளலாம். பெருநாள் கூட்டத்தில் பத்து நிமிடம் என்பது எப்போதும் இருபத்தைந்து நிமிடம்.

நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்க்காது. பாதங்களில் மட்டும் சிறிது வியர்வை உண்டு. மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, வாயிலும் மூச்சுக்குழலிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடலைக் குளிரவைக்கிறது. மூடிய காருக்குள் அதன் மூச்சே காற்றை ஈரமாக்குகிறது. ஈரக் காற்றில் ஈரம் ஆவியாகாது. அதாவது நாய் எவ்வளவு இரைக்கிறதோ அவ்வளவுக்கு அதன் ஒரே குளிர்சாதனம் பழுதாகிக்கொண்டே போகிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி. 41-ஐத் தாண்டினால் மூளை, சிறுநீரகம், குடல் எல்லாம் பாதிக்கப்படத் தொடங்கும்.

எஞ்சினையும் ஏர்கோனையும் ஓடவிட்டுப் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். எஞ்சின் நின்றுபோகலாம். நாய் ஏறிக் குதித்து ஏதாவது பொத்தானை மிதிக்கலாம். சாவியோடு கார் நிற்கிறது என்பதைத் திருடனும் பார்த்துக்கொண்டிருக்கலாம். மர நிழலும் நம்பிக்கையானது அல்ல. சூரியன் நகரும், நிழலும் நகர்ந்துவிடும்.

ஆகவே வழி ஒன்றுதான். ஓட்டுநரைத் தவிர இன்னொரு பெரியவராவது வண்டியில் இருக்க வேண்டும். ஒருவர் பிள்ளைகளோடு உள்ளே போனால் மற்றவர் நாயோடு வெளியே நிற்க வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம். இதைவிட எளிது, வீட்டிலிருந்தே இட்லியோ சப்பாத்தியோ கட்டி எடுத்துப் போய் காருக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டுவிடுவது. ஒரு காலத்தில் நம் குடும்பங்கள் அப்படித்தான் பயணம் போயின. தனியாக ஓட்டிப் போகிறவர் நாயை அழைத்துப் போவதற்கு முன்பு, கழிப்பறைக்கு எப்படிப் போவேன் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

இறக்கி நிற்கும்போதும் சில கவனங்கள் உண்டு. தார்ச் சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பார்க்க வேண்டும். நம் கை தாங்காவிட்டால் அதன் பாதமும் தாங்காது. கயிற்றைக் கதவு திறப்பதற்கு முன்பே பிடித்துக்கொள்ள வேண்டும். ஓய்வுத்தலம் பல இனத்தார் கூடும் இடம். முஸ்லிம் அன்பர்கள் நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் சமய முறைப்படி தூய்மை செய்ய வேண்டியிருக்கும். ஆகவே சூராவ் பக்கமும் கடைகள் பக்கமும் போகாமல், கார் நிறுத்துமிடத்தின் ஓரப் புல்வெளியில், கயிற்றைக் குறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதே முறை. கழித்ததைப் பிளாஸ்டிக் பையில் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். நாமே சற்று விலகி நின்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். "பெயர் என்ன?" என்று கேட்டுவிட்டுப் போகிற மலாய்ப் பிள்ளைகளும் உண்டு.

எவ்வளவு கவனமாக இருந்தும் நாய் வெப்பத்தில் மாட்டிக்கொண்டால்? நிற்காத இரைப்பு, கெட்டியான எச்சில், சிவந்த ஈறு, வாந்தி, தள்ளாட்டம் ஆகியவை அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுவந்து உடல் முழுதும் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரே போதும். அட்டையால் விசிறியபடி, ஏர்கோன் போட்ட காரில் அருகிலுள்ள கிளினிக்குக்கு விரைய வேண்டும். ஈரத் துண்டைச் சுற்றி அப்படியே விட்டுவிடக் கூடாது, அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மயங்கிய வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். எழுந்து வாலை ஆட்டினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு ஒரு நாள் கழித்தும் தெரியவரும். பெருநாளில் எந்தக் கிளினிக் திறந்திருக்கும் என்பதை ஈப்போவிலும் சுங்கை பட்டாணியிலுமாக முன்பே விசாரித்து, எண்ணைக் கைப்பேசியில் போட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

பாட்டி வீட்டில்

போய்ச் சேர்ந்தாயிற்று என்று மூச்சு விடும்போது இன்னொரு வகைக் கவலை ஆரம்பம். பாட்டிக்குப் பிளாக்கி பேரப்பிள்ளை மாதிரி. "பாவம், வாயில்லாத ஜீவன்" என்று இலையில் மிஞ்சியதை எல்லாம் வைப்பார். லட்டிலும் பாயசத்திலும் உலர்ந்த திராட்சை இருக்கிறது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. ஏன் என்பது வெகு காலம் புதிராகவே இருந்தது. டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சிலர் எழுதினார்கள். அந்த அமிலம் புளியில் தாராளமாக இருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். புளிச்சோறும் மீன்குழம்பும் நாய்க்கு வேண்டாம். வெங்காயம் வெந்திருந்தாலும் அதன் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், வெங்காயம் இல்லாத கறி நம் வீட்டில் ஏது? சாக்லெட்டும் நஞ்சு. வெந்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். ஆட்டுக் கொழுப்பு கணையத்தை வீங்கச் செய்யும். வீட்டிலிருந்து அதன் வழக்கமான உணவை நாள் கணக்குப் பார்த்து எடுத்துப் போய், பாட்டியிடமே ஒப்படைத்து, "நீங்கதான் பாட்டி இதுக்குச் சாப்பாடு போடணும்" என்று சொல்லிவிடுவது நல்லது. தடுத்தால் வருத்தப்படுவார். பொறுப்பைக் கொடுத்தால் வேறு யாரையும் எதையும் வைக்க விடமாட்டார்.

பிறகு பட்டாசு. தெரியாத ஊர், தெரியாத வீடு, திடீரென்று வெடிச் சத்தம். வேலியைத் தாண்டி ஓடிய நாய்க்குத் திரும்பி வர வழி தெரியாது, ஏனென்றால் அது அதன் வீடே அல்ல. பொழுது சாய்வதற்கு முன்பே வெளியே நடக்கவைத்து, இருட்டியதும் ஓர் அறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓடவிட்டு, யாராவது ஒருவர் கூட இருக்க வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்த துவைக்காத பழைய போர்வை இங்கேதான் உதவும், அதில் அதன் சொந்த வாசனை இருக்கிறது. விருந்தினர்கள் வந்து போகிற வீட்டில் கதவு மூடியே இருக்காது என்பதால், கழுத்துப் பட்டையில் கைப்பேசி எண் பொறித்த தகடு புறப்படும்போதே இருந்திருக்க வேண்டும். மைக்ரோசிப் போட்டிருந்தால் அதில் பதிந்த எண் பழைய எண்ணா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிப் தன்பாட்டில் நாய் எங்கே என்று சொல்லாது. யாராவது கண்டெடுத்து கிளினிக்கில் ஸ்கேன் செய்தால்தான் எண் தெரியும். கைப்பேசியில் நாயின் அண்மைப் படம் ஒன்று பக்கவாட்டில் எடுத்தது இருந்தால், காணாமல் போன அன்றே அக்கம் பக்கத்தாரிடமும் நகராண்மைக் கழகத்திலும் காட்ட முடியும்.

திரும்பும் பயணம் பெரும்பாலும் பகலில்தான் அமைகிறது. விடுமுறை முடிகிற கடைசி நாள், வெயில், நெரிசல், எல்லோருக்கும் களைப்பு. "சீக்கிரம் போய்ச் சேருவோம்" என்ற அவசரத்தில்தான் நிறுத்தங்களைக் குறைக்கத் தோன்றும், ஒருமுறை மட்டும் காரில் விட்டுப் போகலாம் என்றும் தோன்றும். போகும்போது வைத்திருந்த அதே முறையை, அதே இரண்டு லிட்டர் தண்ணீரை, வரும்போதும் வைத்துக்கொள்ள வேண்டும். வீடு சேர்ந்ததும் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடுகிறதா என்று கவனித்தால் போதும்.